மதினி திருத்திய ஒகரம்

மதினியின் மடிக்கணினித் திரை எப்போதும் இருண்டே இருக்கும். மூடி திறந்திருக்கும், விசைப்பலகையில் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு காதில் மட்டும் இயர்போன் செருகியிருக்கும். திரையில் ஒன்றும் இராது. முதல்முறை பார்க்கிறவர்கள் கணினி கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். "சும்மா எதுக்கு பேட்டரியை வேஸ்ட் பண்ணணும்? நான்தான் பாக்கப்போறதில்லையே" என்பார் மதினி. சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பு வருவதற்கு முன் அவர் கடந்து வந்த நாட்களை அறிந்தவர்கள் நாங்கள் என்பதால் எங்களுக்கு உடனே சிரிக்க வராது. தாராவியில் எங்கள் ஏழாவது மாடி வீட்டில், சமையலறைக்கும் ஜன்னலுக்கும் இடையில் போட்டிருந்த ஒரு மடக்கு மேசையில், அந்த இருண்ட திரைக்கு முன்னால் நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்கிறவள் நான். ஆனால் ஓர் எழுத்தின் முன்னால் வாயடைத்து நின்றது அங்கேதான்.

மதினி என் அண்ணனின் மனைவி. செம்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்தார். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் என்று வளர்ந்ததால் மதினிக்குத் தமிழ் காதாலும் நாக்காலும் தெரியுமே தவிர எழுத்து தெரியாது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் மூன்றாவது தலைமுறையாக இருக்கிறவர்கள். அண்ணன் சட்டை தைக்கும் கார்கானா ஒன்றை நடத்துகிறான். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, அதே போன்ற இன்னொரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தவள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று மதினி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "டீச்சர், இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். அன்று முதல் நான் அவருக்கு டீச்சர்தான். எழுத்தைச் சொல்லித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். அவருக்கு நேரம் இல்லை. சான்பாடாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதும் வேலை. காலையில் ஜி.டி.பி. நகரில் பன்வேல் ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய வலது கண்ணில் வலி தொடங்கியது. கணினியை அதிகம் பார்ப்பதால் என்று நினைத்தோம். சிவப்பு நிறம் மங்கித் தெரிகிறது என்றார். பிறகு அந்தக் கண்ணில் எதுவுமே தெரியவில்லை. கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது என்று சொல்லி மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் தேறி வரும்போது இடது கண்ணும் போனது. மழைக்காலம் முடிந்தபோது மதினிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. அதற்கு மேல் வராது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதினி அழவில்லை. "வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் வீட்டில் எல்லோரும் அவரிடம் மிக மென்மையாக நடந்துகொண்டோம். அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். அண்ணன் குரலை உயர்த்துவதையே விட்டுவிட்டான். அவர் எது சொன்னாலும் சரி என்றோம். தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டால் நாங்கள்தான் தவறான இடத்தில் வைத்துவிட்டோம் என்றோம். அலுவலகத்திலும் அப்படித்தான். கண் சரியானதும் வாருங்கள் என்றார்கள். சரியாகாது என்று தெரிந்த பிறகு, உங்கள் முடிவை நிதானமாகச் சொல்லுங்கள் என்றார்கள். என்ன முடிவை எதிர்பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. மதினி பேசுவது நாளுக்கு நாள் குறைந்தது. பிற்பாடு ஒருமுறை சொன்னார்: "எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி புடிச்சீங்க. அப்போதான் எனக்கு பயமே வந்துச்சு."

மாட்டுங்காவில் பார்வையற்றோருக்கான வகுப்பு ஒன்று நடப்பதை அண்ணன் விசாரித்துக் கண்டுபிடித்தான். அங்கேதான் மதினிக்குத் திரைவாசிப்பான் அறிமுகமானது. திரையில் இருப்பதையெல்லாம் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. அவர்கள் கொடுத்தது இலவசமானது மட்டும் அல்ல, திறமூலமும் கூட. அதாவது அதன் நிரல் முழுவதும் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், பிழை கண்டால் சொல்லலாம், முடிந்தால் திருத்தியும் தரலாம். உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே சேர்ந்து எழுதுவது. அதில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது என்பதையும் மதினி பிறகு தெரிந்துகொண்டார். அந்தக் குரலின் வேகத்தை அவர் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போனார். எங்களுக்கு அது தகரக்கூரையில் மழை விழுவதுபோலக் கேட்கும். மதினி அதிலிருந்து சொற்களைப் பொறுக்கி எடுப்பார்.

ஒருநாள் காலை, வீட்டாரின் கைபேசிக் குழுவில் அப்பா அனுப்பிய ஒரு செய்தியைக் கணினியில் தற்செயலாகத் திறந்துவிட்டார். அப்பா எப்போதும்போல் எங்கிருந்தோ வந்ததை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். சுண்டைக்காயின் நன்மைகள் பற்றி. குரல் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு விறைத்த தமிழில், மூச்சே விடாமல் படிக்கத் தொடங்கியது. மதினி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். நடுவிலேயே சிரிப்பு நின்றது. "டீச்சர்" என்று கூப்பிட்டார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "டீச்சர், நான் தமிழ் படிச்சுட்டேன்."

எனக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. கண் இருந்த காலத்தில் அவர் ஒரு வரி தமிழ் படித்ததில்லை. தாராவி முழுக்கக் கடைப்பலகைகளில் தமிழ் இருந்தும் அவருக்கு அவை வெறும் வளைவுகள். இப்போது கண் போன பிறகு, எழுத்தே தெரியாமல், தமிழில் எழுதியிருப்பது எதுவானாலும் அவருக்குத் திறந்துவிட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அதிலிருந்து மதினி வெறி பிடித்தாற்போலப் படித்தார். செய்தி, சமையல், சிறுகதை, எது கிடைத்தாலும். தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கும் தளங்களை நான் காட்டிக்கொடுத்தேன். கடலோர ஊர் ஒன்றைப் பற்றிய நீண்ட நாவல் ஒன்றை எடுத்தார். இரண்டு பக்கம் கேட்டதும் முகம் சுளித்தார். "இது என்ன பாஷை?" குரல் சொன்னதை நானும் கேட்டேன். தோணி என்று வரவேண்டிய இடத்தில் "தே, ஆ, ணி" என்றது. போனான் என்பது "பே, ஆ, னான்" ஆனது. கொடுத்தாள் "கெ, ஆ, டுத்தாள்" ஆனது. தட்டச்சு செய்தவர்கள் பிழை விட்டிருப்பார்கள் என்று நினைத்து, திரையை வெளிச்சமாக்கச் சொல்லிப் பார்த்தேன். தோணி. சரியாகத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

"அப்போ நீங்க டைப் பண்ணுங்க" என்றார். என் கைபேசியிலிருந்து தோணி என்று அடித்து அவருக்கு அனுப்பினேன். குரல் அதை "தோணி" என்று அழகாகப் படித்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தோம். நான் கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி, ஒரு சுழி வித்தியாசம் இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான் மதினி" என்றேன். "இல்ல" என்றார் அவர். "ரெண்டும் வேற. உங்களுக்குத்தான் தெரியல."

மதினி அம்புக்குறி விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டி எழுத்துக்கு எழுத்து நகர்ந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினிக்குள் ஓர் எண் உண்டு. அந்த எண்ணையும் சொல்லச் செய்தார். நான் அனுப்பிய சொல்லில் த என்ற எழுத்தும், அதன் பிறகு ஓகாரக் குறி ஒன்றும் இருந்தன. நாவலில் இருந்த சொல்லில் த, பிறகு ஏகாரக் கொம்பு, பிறகு தனியாக ஒரு கால். நான் கரும்பலகையில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்! "முன்னால கொம்பு போடு, பின்னால கால் போடு, அதுதான் தோ" என்று பிள்ளைகளிடம் பாட்டாகவே சொல்வேன். அதை மதினியிடம் சொன்னபோது அவர் மேசையில் ஓங்கித் தட்டினார். "அரே! அப்போ எழுதினவன் மேல தப்பே இல்லை. கையால எழுதுற மாதிரியே துண்டு துண்டா அடிச்சிருக்கான். திரை ரெண்டையும் ஒட்டிக் காட்டுது, நீங்க ஒண்ணாப் பாக்கறீங்க. குரலுக்கு ஒட்டத் தெரியல."

உண்மையில் இரண்டு வகையாக எழுதினாலும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது எழுத்துகளுக்கு எண் கொடுத்தவர்கள் வகுத்த விதி என்று மதினி தேடிப் படித்துச் சொன்னார். வாசிப்பான்தான் அந்த விதியை மறந்திருந்தது. பார்வை உள்ளவர்கள் எத்தனை பேர் அந்தப் புத்தகங்களைப் படித்திருப்பார்கள்? ஒருவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. தமிழ் எழுத்தே அறியாத ஒருவர், காதால் மட்டும், எங்கள் ஒகரத்துக்குள் இருந்த வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த மென்பொருளுக்கென்று ஒரு பொது இடம் இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் குறைகளை அங்கே எழுதலாம். எழுதியதை எல்லோரும் பார்க்கலாம். தான் எழுதுவதற்கு முன், வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று மதினி தேடினார். வெகுநாட்களுக்கு முன் ஒருவர், "தமிழ் சரியாக வரவில்லை" என்று ஒரே வரி எழுதியிருந்தார். என்ன வரவில்லை, எங்கே வரவில்லை என்று பதில் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவர் திரும்ப வரவே இல்லை. மதினி அப்படி எழுதவில்லை. எந்தச் சொல், அது எப்படி வரவேண்டும், எப்படி வருகிறது, தமிழ் தெரியாதவர் தன் கணினியில் அதை எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்று படிப்படியாக எழுதினார். இரண்டு தோணிகளையும் அதில் வைத்தார். மறுநாள் பதில் வந்தது. அந்தத் திட்டத்தைப் பராமரிக்கிறவர்களில் ஒருவர், உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறவர், எழுதியிருந்தார்: நான் கேட்டுப் பார்த்தேன், நீங்கள் சொல்வது சரி, எனக்குத் தமிழ் தெரியாது, நீங்களே திருத்திப் பார்க்கிறீர்களா?

மதினி அதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் சொன்னார். "என்னையே பண்ணச் சொல்றாங்க."

"பண்ண வேண்டியதுதான?" என்றான் அண்ணன்.

"கண்ணு போனதுக்கு அப்புறம் நான் ஒரு வரி கோட் எழுதல."

நிரல் எழுதுவது மதினிக்குப் பிழைப்பு மட்டும் அல்ல. கல்யாணத்துக்கு முன் அண்ணனிடம் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் விஷயமே அதுதான். இனி அது வராது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தால்தான் இத்தனை மாதம் அவர் அதைத் தொடவே இல்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிவிடும் எண்ணத்தில் இருந்தார் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கூட்டு வைத்துவிட்டு, "எழுதிப் பாரு. வரலைன்னா வரலைன்னு அவங்களுக்குச் சொல்லிருவோம்" என்றாள். அம்மாவுக்கு நிரல் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அதற்குமேல் யாராலும் எதுவும் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் மதினி தொடங்கினார். பங்களிக்க விரும்புகிறவர்களுக்கென்று திட்டக்காரர்கள் எழுதி வைத்திருந்த வழிகாட்டியை முதலில் முழுக்கக் கேட்டார். நிரலின் நகல் ஒன்றைத் தனக்கென எடுத்துக்கொள்ள வேண்டும்; அதன் பகுதிகளைத் தன் கணினியில் சேர்த்துக் கட்டி ஓடவைக்க வேண்டும்; மூலத்தில் கை வைக்காமல் தனிக் கிளை ஒன்றில் மாற்ற வேண்டும்; மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும்; அது வேலை செய்கிறது என்பதைக் காட்டும் சோதனைகளையும் சேர்த்துத் தர வேண்டும். கட்டி ஓடவைப்பதற்கே நாட்கள் பிடித்தன. ஏதோ ஒன்று இல்லை என்று கணினி சொல்லும்; அதைக் கொண்டுவந்து வைத்தால் வேறொன்று இல்லை என்னும். கீழே கார்கானாக்களின் மோட்டார் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர், தெருவில் ஏதாவது ஒரு விழாவின் ஒலிபெருக்கி. இவற்றுக்கு நடுவில் ஒரு காதை மட்டும் கணினிக்குக் கொடுத்துவிட்டு மதினி உட்கார்ந்திருப்பார்.

நிரலை எப்படிக் காதால் படிப்பது என்று ஒருமுறை கேட்டேன். இயர்போனைக் கழற்றி எனக்குக் கேட்கவைத்தார். நிரலில் சில வரிகள் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், சில உள்ளே தள்ளியிருக்கும். எந்த வரி எதற்குக் கட்டுப்பட்டது என்பது அந்தத் தள்ளலில்தான் இருக்கிறதாம். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மதினிக்கு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிறு ஒலி கேட்டது. உள்ளே போகப் போக ஒலி ஏறியது, வெளியே வந்தால் இறங்கியது. அவர் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனபோது அது ஏறியும் இறங்கியும் ஒரு மெட்டுப்போலவே இருந்தது. "இந்த இடத்துல தப்பு, கேட்டீங்களா? இறங்காம ஏறிடுச்சு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரியைத் திருத்திவிட்டு மேலே போனார். நான் தேநீர் டம்ளரைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். போன வேலை திரும்பி வந்துகொண்டிருந்தது, என் கண்ணெதிரே, ஒலியாக.

முதல் திருத்தம் சில வரிகள்தான். தமிழ் வந்தால், படிப்பதற்கு முன் பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒட்டிவிடு என்பது அதன் சாரம். கேட்டுப் பார்த்தோம். தோணி தோணியாகவே வந்தது. ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பத்தோடு மதினி அதை அனுப்பினார். அன்று வீட்டில் கேசரி.

சில நாட்களில் பதில் வந்தது. இந்த வடிவில் இதைச் சேர்க்க முடியாது என்று அதே மனிதர் எழுதியிருந்தார். இரண்டு துண்டுகளை ஒன்றாக ஒட்டினால் சொல்லில் எழுத்துகளின் எண்ணிக்கை குறைகிறது. அதற்குப் பிறகு வரும் எழுத்தெல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்ததாக வாசிப்பான் நினைத்துக்கொள்ளும். கேட்டுக்கொண்டே ஓரிடத்தில் நிறுத்தி ஓர் எழுத்தை அழித்தால் பக்கத்து எழுத்து அழிந்துவிடும். மேலும், இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல்தானா என்று பார்த்தீர்களா?

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனே செய்யச் சொல்லிட்டு அவனே வேண்டாங்கானா? இவ படுத பாடு அவனுக்குத் தெரியுமா?"

மதினி அந்தப் பதிலை இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்டார். பிறகு அவர் முகத்தில் வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கண் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவர் சொல்றது சரி" என்றார். "நான் அதை யோசிக்கவே இல்ல. டீச்சர், என் கோடை ஒவ்வொரு வரியாப் படிச்சிருக்காரு. படிச்சுட்டு, தப்புன்னு சொல்லியிருக்காரு. இத்தனை நாள்ல யாராவது என்னைத் தப்புன்னு சொன்னீங்களா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். மதினி கையை நீட்டி அவன் தோளைத் தேடிப் பிடித்தார். "உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அங்க நான் பாவம் இல்ல. அவ்வளவுதான்."

அடுத்த முயற்சிக்கு நெடுநாள் ஆனது. ஒட்டிய பிறகும் ஒவ்வொரு எழுத்தும் முன்பு எந்த இடத்தில் இருந்தது என்ற கணக்கை வாசிப்பான் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும்; குரல் ஒட்டிய சொல்லைப் படிக்க வேண்டும், விரல் ஒட்டாத சொல்லில் நகர வேண்டும். மதினி எழுதுவார், உடைப்பார், மறுபடி எழுதுவார். சோதனைக்கான சொற்களைக் கொடுப்பது என் வேலை. கொக்கு, கோழி, சொல், சோறு, நொடி, மோர் என்று பள்ளிக்குப் போகும் வழியில் யோசித்துக்கொண்டே நடப்பேன். ஔகாரம் வந்தபோது ஒரு தடங்கல். பலர் பௌர்ணமி என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதிவிடுகிறார்கள், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால். அதையும் சேர்த்துத் திருத்திவிடலாம் என்று மதினி எண்ணினார். "அப்படின்னா வெளி போயிடும் மதினி" என்றேன். "தெளிவு போயிடும். கெளுத்தி மீன் போயிடும். அதுலயெல்லாம் கொம்புக்குப் பிறகு நிசமாவே ளகரம்தான் இருக்கு." மதினி சற்று யோசித்துவிட்டு, தான் எழுதியதை அழித்தார். வெளியையும் கெளுத்தியையும் சோதனைச் சொற்களில் சேர்த்துக்கொண்டார், வருங்காலத்தில் வேறு யாரும் அந்தத் தவறைச் செய்துவிடக் கூடாது என்று.

தமிழுக்கு மட்டும்தானா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் இதே கொம்பும் காலும் உண்டு, இதே பிளவும் உண்டு. மதினி தன் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த வங்காளித் தோழிக்கு, நெடுநாளுக்குப் பிறகு, போன் செய்தார். வங்காளச் சொற்கள் சில வேண்டும் என்றார். எதற்கு என்று அந்தப் பெண் கேட்க, மதினி சொன்னார். அந்தப் பெண் இந்தியில், "நீ கோட் எழுதுகிறாயா? கோட் எழுதுகிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது.

இரண்டாவது விண்ணப்பம் போனது. மறுபடி கேள்விகள் வந்தன. நிரலில் வைத்திருக்கும் இந்தப் பெயர் புரியவில்லை, இதைப் பிரித்து எழுதுங்கள், இங்கே ஏன் இப்படி என்று. ஒவ்வொன்றுக்கும் மதினி பதில் எழுதினார். சிலவற்றை ஏற்றார், ஒன்றிரண்டில் நீங்கள் சொல்வது தவறு என்று காரணத்தோடு மறுத்தார். அவர் மறுத்ததை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளி விடுமுறையில் நான் வீட்டில் இருந்த ஒரு காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மதினி கணினி எழுப்பிய சிறு ஒலியைக் கேட்டு ஈரக்கையோடு வந்தார். மழைபோல ஏதோ கொட்டியது. பிறகு எங்களுக்காகக் குரலின் வேகத்தைக் குறைத்து மறுபடி படிக்க வைத்தார். ஆங்கிலத்தில் இரண்டே வரி.

"என்ன சொல்லுது?" என்றாள் அம்மா.

"சேத்துக்கிட்டாங்க அத்தே."

"எதுல?"

உலகத்தில் அந்த வாசிப்பானை வைத்திருக்கிற ஒவ்வொருவருடைய கணினியிலும் என்று எப்படிச் சொல்வது? அடுத்த பதிப்பு வெளியானபோது, பெயரே தெரியாத ஊர்களில் முகமே தெரியாதவர்கள் அதை இறக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய தோணியும் போனானும் ஒருநாள் சட்டென்று சரியாகியிருக்கும். ஏன் சரியானது என்று அவர்களில் பலர் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் மட்டும் அந்தப் பொது இடத்தில் எழுதியிருந்தார்: புத்தகங்கள்தான் கெட்டுக் கிடக்கின்றன என்று நினைத்துப் பாதியில் விட்டிருந்தேன், இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கிறேன். மதினி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லிக் குரலுக்குக் கட்டளையிட்டார். பிறகு, தானும் அந்தக் கடலோர நாவலை எடுத்தார்.

அந்த வாரமே அலுவலகத்துக்குப் போனார். முதல்நாள் நானும் கூடப் போனேன். சான்பாடா நிலையத்தில் இறங்கி, அவர் கோலைத் தட்டிக்கொண்டு முன்னே நடக்க, நான் கொஞ்சம் பின்னால் போனேன். கையைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். இனி எப்படி நிரல் எழுதுவீர்கள் என்பதை மட்டும் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். மதினி தன் திருத்தம் இருக்கும் பக்கத்தைச் சொல்லி, படிக்கச் சொன்னார். அவர் படித்தார். முதலில் நிராகரித்தது, பிறகு வந்த கேள்விகள், பதில்கள், மறுப்புகள் எல்லாவற்றையும் நேரம் எடுத்துப் படித்தார். படித்து முடித்து, "திங்கட்கிழமை வர முடியுமா?" என்று கேட்டார்.

அண்ணனும் மதினியும் இப்போது தாணேயில் இருக்கிறார்கள். சென்ற மாதம் போயிருந்தேன். மதினி அதே அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறார். அது போக, அந்தத் திறமூலத் திட்டத்தில் இந்திய மொழிகள் தொடர்பாக யார் திருத்தம் அனுப்பினாலும் முதலில் படித்துப் பார்ப்பவர்களில் அவரும் ஒருவர். நான் போன அன்று ஏதோ ஒன்றை முடித்துவிட்டு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார். என்ன என்று கேட்டேன்.

"நான் அன்னிக்கு எழுதினது இருந்துச்சில்ல டீச்சர், அந்த ஒட்டுற கோட்? யாரோ ஒரு பொண்ணு அதை மொத்தமா எடுத்துட்டு வேற மாதிரி எழுதி அனுப்பியிருந்தா. எந்த ஊருன்னுகூடத் தெரியாது. ரெண்டு வாரமா அதைத்தான் படிச்சுட்டிருந்தேன்."

"எடுத்துட்டாளா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். முதல்ல அனுப்பினதுல தப்பு இருந்துச்சு, சொன்னேன். திருத்தி அனுப்பினா. இன்னிக்குக் காலைலதான் சேத்துக்கிட்டேன். இப்ப என் வரி ஒண்ணுகூட அதுல இல்ல."

அந்த வரிகள் எழுதப்பட்ட நாட்கள் முழுவதையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். வருத்தமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். மதினிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எதுக்கு டீச்சர்? அவ எழுதினது நல்லா இருக்கு. என்னோடதைவிட வேகமாப் படிக்குது. கேக்கறீங்களா?"

இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார்.